பத்தனைச் சரிவில் மூக்கன் எண்ணிய காலம்

முப்பத்திரண்டு வயதில் என்னை "ஓய்வுபெற்றவர்" என்று அறிமுகம் செய்தார்கள். சென்ற மாதம், அருகிவரும் உயிரினங்களைக் கணக்கெடுக்கும் இரத்தினபுரி அலுவலகத்தில், புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்பிள்ளைகளுக்காக நடந்த கூட்டம் அது. அப்படிச் சொன்னதும் இருவரும் எழுந்து நின்றார்கள். ஒருத்தி ஓடிப்போய் எனக்கு நாற்காலி எடுத்து வந்தாள். எட்டு வருடம் பார்த்த வேலையை விட்டுவிட்டு இப்போது பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன், அவ்வளவுதான். ஆனாலும் உட்கார்ந்தேன். எங்கள் குடும்பத்தில் இதுவரை யாருக்கும் யாரும் நாற்காலி எடுத்து வந்து போட்டதில்லை.

அவர்கள் கையில் ஒரு போன் கொடுத்திருக்கிறார்கள். புல்லைப் படம் பிடித்தால் அதில் கூன்வண்டு இருக்கிறதா என்று போனே சொல்லிவிடுமாம். "மிஸ், நீங்கல்லாம் குடைய வச்சுத்தான் எண்ணுனீங்களாமே, உண்மையா?" என்று நாற்காலி கொண்டுவந்தவள் கேட்டாள். "உண்மை" என்றேன். சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தச் சிரிப்புக்கு மரியாதையாக ஒரு பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது. அதுதான் இது.

முதலில் அந்த வண்டைப் பற்றி. ஒரு கௌபிப் பயறு அளவு இருக்கும். சாம்பல் நிறம். முகத்தில் பாதி மூக்கு. பறக்கத் தெரியாது. பத்தனை என்று நாங்கள் சொல்லும் மலைச்சரிவுப் புல்வெளியில், மானாப்புல்லின் அடியில் பிறந்து, அதையே தின்று, அங்கேயே சாகும். அடுத்த சரிவுக்குப் போக வேண்டுமென்றால் நடந்துதான் போக வேண்டும். இடையில் தேயிலையோ மரக்காடோ வந்தால் திரும்பி வந்துவிடும். ஆகவே ஒரு சரிவு அழிந்தால் அந்தச் சரிவின் வண்டும் அதோடு முடிந்தது. அதற்கு ஓர் அறிவியற் பெயர் உண்டு. அதைத் தடுமாறாமல் சொல்ல எனக்கு ஒரு வாரம் எடுத்தது. எங்கள் தோட்டத்தில் ஒரே நாளில் பெயர் வைத்துவிட்டார்கள்: மூக்கன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் ஓப்பநாயக்க என்ற ஊருக்கு மேலே இருக்கிறது. தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளை லயம் என்போம். அம்மா கொழுந்து எடுப்பவர். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. அப்பா இரண்டு மாதம் மிதித்ததாகச் சொல்வார். அந்த இரண்டு மாதத்துக்கும் சாட்சி கிடையாது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவள் நான். உயிரியல் எடுத்து உயர்தரப் பரீட்சை பாஸ் பண்ணியவளும் நானே. இதை நான் அந்தக் காலத்தில் ஒரு நாளைக்குக் குறைந்தது மூன்று பேரிடம் சொல்லுவேன். பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் இருப்பவரிடமும் சொல்லியிருக்கிறேன்.

வேலைக்கான நேர்முகத்தில் கேட்ட ஒரே கஷ்டமான கேள்வி, "மழையில் நனைவதில் பிரச்சினை இல்லையா?" என்பது. "எங்கள் லயத்தில் வீட்டுக்குள்ளேயே நனைவோம், சேர்" என்றேன். வேலை கிடைத்தது. பயிற்சி நான்கு நாள். மூன்று நாள் படம் காட்டினார்கள், ஒரு நாள் பத்தனையில் ஏற்றி இறக்கினார்கள். அதற்கு மேல் படித்ததெல்லாம் ஜயலத் சேரிடம்.

ஜயலத் சேர் எனக்கு மேலதிகாரி. ஐம்பது வயது, ஒல்லி, சட்டைப் பையில் எப்போதும் ஒரு பல்துலக்கும் பிரஷ். அது பல்லுக்கு அல்ல, சப்பாத்துக்கு. பத்தனைக்குள் கால் வைப்பதற்கு முன் சப்பாத்தைக் கழற்றி, அடியில் ஒட்டிய மண்ணையும் விதையையும் அந்தப் பிரஷால் துடைத்து எடுப்பார். வெளிக் களை ஒன்றும் உள்ளே போகக்கூடாது. பிறகு என் சப்பாத்தை வாங்கிப் பார்ப்பார். முகத்துக்குக் கிட்டே வைத்துப் பார்ப்பார். "நங்கி, இங்க ஒரு விதை" என்பார். சிங்களத்தில் நங்கி என்றால் தங்கச்சி. அந்த ஒரு வார்த்தையைத் தவிர மற்றதெல்லாம் அரசாங்க வகுப்பில் படித்த தமிழ். அந்த வகுப்பில் மரியாதைப் பன்மை மட்டும்தான் சொல்லிக்கொடுத்தார்கள் போலும். தோட்டத்தை நடத்தும் தொரையும் அவர், நாயும் அவர், வண்டும் அவர்.

"அவர் காலையில் மேல வருவார். வெயில் வந்தால் அவர் கீழ போவார். நாம சத்தம் போட்டால் அவர் விழுவார்."

பத்தனைக்குள் சேர் பேசுவதே கிசுகிசுப்பாகத்தான். வண்டுக்குக் காது இல்லையே சேர் என்று ஒருநாள் கேட்டேன். "இல்லை" என்று அதையும் கிசுகிசுத்தார்.

இனி அந்தக் குடை. கறுப்புக் குடை ஒன்றை விரித்து, தலைகீழாகப் புல்லுக்கு அடியில் பிடிக்க வேண்டும். உட்பக்கத்தில் வெள்ளைத் துணி தைத்திருக்கும். ஒரு முழக் கம்பால் புல்லை மூன்று தட்டு. இரண்டு அல்ல, நான்கு அல்ல. வண்டு குடைக்குள் விழும். விழுந்ததும் செத்துவிடும்.

அதாவது செத்ததுபோல் கிடக்கும். காலை மடக்கி, மூக்கை நெஞ்சில் புதைத்து, மல்லாந்து. ஊதினாலும் அசையாது, புரட்டினாலும் அசையாது. எதிரியிடம் தப்ப அதற்குத் தெரிந்த ஒரே வித்தை அது. செத்த வண்டை எண்ணக்கூடாது என்பது விதி. ஆகவே உயிர் வரும்வரை குடையைப் பிடித்தபடி காத்திருக்க வேண்டும். சில சமயம் மூன்று நிமிடம், சில சமயம் பத்து. வெயிலில் தலைகீழ்க் குடையை ஏந்திக்கொண்டு ஆடாமல் நிற்கும் என்னைப் பக்கத்துத் தேயிலை மலையிலிருந்து மொத்தத் தோட்டமும் பார்க்கும்.

எழுந்து நடக்கத் தொடங்கியதும் அதன் முதுகில் நகப்பூச்சால் ஒரு புள்ளி. கீழ்ச்சரிவு என்றால் சிவப்பு, நடுவில் என்றால் ஊதா, மேலே என்றால் பச்சை. அடுத்த முறை பிடிபட்டால் முதலில் எங்கே பிடிபட்டவர் என்று தெரியும். நகப்பூச்சை ஓப்பநாயக்கவில் ரஷீது நானா கடையில் வாங்குவேன். மாதம் மூன்று போத்தல். நாலாவது மாதம் நானா, "மகளுக்குக் கலியாணம் சரிவந்திரிச்சா?" என்று அம்மாவிடமே கேட்டுவிட்டார்.

அம்மாவுக்கு இந்த வேலையால் பட்ட பாடு கொஞ்சமல்ல. மகள் அரசாங்க வேலை என்று லயம் முழுக்கச் சொல்லிவிட்டார். என்ன வேலை என்ற இரண்டாவது கேள்விக்குத்தான் பதில் இல்லை. பக்கத்துக் காம்பராவில், அதாவது அடுத்த அறையில், இருந்த மல்லிகா அக்கா அதை விடவே மாட்டார்.

"பாக்கியக்கா, ஒங்க மக இன்னிக்கு எத்தன மூக்கனுக்கு நகம் பூசுனா?"

"அவ பூசுறது முதுகுல. நகத்துல இல்ல."

"ஓ, முதுகுலயா. அப்ப அது பெரிய படிப்புத்தான்."

எனக்கு "வண்டுத் தொரசானி" என்று பெயர் வந்தது மல்லிகா அக்கா புண்ணியத்தில். தொரைமாரின் மனைவிதான் தொரசானி. சொன்னது கிண்டலாகத்தான் என்றாலும், உண்மையைச் சொன்னால், எனக்கு அது கொஞ்சம் பிடித்திருந்தது.

இப்படியே ஒரு வருடம் போனது. பிறகுதான் முளைக்கம்புகள் வந்தன.

எங்கள் பத்தனைச் சரிவு மூன்று ஏக்கர் இருக்கும். சுற்றி எல்லாம் தேயிலை. தோட்டத்துப் புத்தகத்தில் அதற்கு "வெறுங்காணி" என்று பெயர். ஒருநாள் காலை போய்ப் பார்த்தால் சரிவு முழுக்க வெள்ளை அடித்த முளைக்கம்புகள், கயிறு பிடித்தது போல வரிசையாக. யூக்கலிப்டஸ் நடக் குழி வெட்டும் அடையாளம். ஓடிப்போய்த் தொரையைக் கேட்டேன். புதிதாக வந்த இளம் தொரை. அரைக் காற்சட்டை, முழங்கால்வரை வெள்ளைக் காலுறை.

"வெறும் புல்லு. பாம்பும் அட்டையும்தான் இருக்கு. மரம் வச்சா வெறகாவது வரும்" என்றார்.

ஜயலத் சேர் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார். கடைசியில் முடிவானது இது: வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மூன்று பேர் கொண்ட ஒரு குழு வரும். அருகிவரும் வண்டு இந்தச் சரிவில் உண்மையாகவே வாழ்கிறது என்று கண்ணால் கண்டால் புல்லை விட்டுவிடுவார்கள். காணாவிட்டால் வெள்ளிக்கிழமை குழி வெட்டு.

என் கணக்குக் கொப்பியைப் புரட்டிப் பார்த்தேன். ஒரு வருடத்தில் ஒரே நாளில் நான் எண்ணிய அதிகபட்சம் பத்தொன்பது. ஒன்றும் கிடைக்காத நாட்களும் நிறைய உண்டு. குழு வரும் நாள் அப்படியொரு நாளாக இருந்துவிட்டால், ஒரு வருட நகப்பூச்சோடு ஒரு முழு வண்டுக் குடும்பமும் போச்சு. இதே வண்டு வேறு எந்தச் சரிவில் இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. படித்தவள் அல்லவா.

பக்கத்து மலையில் நாள் முழுக்க வேலை செய்கிற இத்தனை பேர் இருக்கிறார்கள். வண்டை எங்கே அதிகம் காண்கிறார்கள் என்று அவர்கள் சொன்னால், குழுவை நேரே அந்த இடத்துக்குக் கூட்டிப்போகலாம். செவ்வாய்க்கிழமை காலை பிரட்டுக்களத்துக்குப் போனேன். வேலைக்குப் போகுமுன் எல்லோரும் கூடிப் பெயர் கொடுக்கும் இடம் அது. தோட்ட வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் அனுமதி கேட்டு, முனியாண்டிக் கங்காணிக்குப் பக்கத்தில் நின்றேன். கையில் மூக்கனின் படம், ஒரு முறம் அளவுக்குப் பெரிதாக்கியது. முதல்நாளே எழுதிப் பாடமாக்கியிருந்த உரையைச் சொன்னேன்.

"மேற்படி உயிரினம் உங்கள் கண்ணிற்படுமிடத்து, அதன் இருப்பிடத்தை உடனடியாக எமக்கு அறியத்தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கின்றேன்."

அம்மா பெருமையில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எல்லாத்துக்கும் வெளங்குச்சா?" என்று கங்காணி கேட்டார்.

"வெளங்குச்சு" என்றார்கள் எல்லோரும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். தேயிலையில் இலையைச் சுருட்டும் புழு விழும் காலத்தில், கண்டாக்கையா பிரட்டுக்களத்தில் அதன் படத்தைக் காட்டுவார். மறுநாள் கொழுந்து எடுப்பவர்கள் கொழுந்தோடு புழுவையும் எடுத்து, தகரப் பேணியில் போட்டுக்கொண்டு வந்து, நிறுக்கும் இடத்தில் ஒப்படைப்பார்கள். பிரட்டுக்களத்தில் படம் காட்டப்பட்ட எந்தப் பூச்சியும் எங்கள் தோட்டத்தில் அதற்குப் பிறகு நிம்மதியாக இருந்ததில்லை. இது எனக்குத் தெரியும். சின்ன வயதில் அந்தப் பேணிகளை நானே கழுவியிருக்கிறேன். ஆனால் அன்று என் மூளை முழுக்க "கண்ணிற்படுமிடத்து" என்ற சொல்லிலேயே இருந்தது.

புதன்கிழமை நான் குழுவுக்கான படிவங்களைப் பிரதி எடுக்க இரத்தினபுரிக்குப் போய்விட்டேன். பகல் பஸ்ஸில் திரும்பி வந்து மேலே ஏறினால், கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு முன்னால் பெண்கள் வரிசை. மத்தியான நிறுவை நேரம்தான். ஆனால் ஒருவர் முதுகிலும் கொழுந்துப் பை இல்லை. ஆளுக்கொரு சோற்றுப் பெட்டி, தகரப் பேணி, ஐஸ்கிரீம் டப்பா. கங்காணி தராசை ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு பெரிய பிளாஸ்டிக் பேசனுக்குப் பக்கத்தில் கொப்பியோடு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க மிஸ்" என்று எழுந்தார். "தராசு முள்ளு அசையல. அதனால எண்ணியே எடுத்துட்டேன். இருவத்திரெண்டு ஆளு, முந்நூத்திப் பதினேழு. ஒண்ணு பாக்கியில்ல. சரிவுல இப்ப ஒரு மூக்கனக்கூட நீங்க பாக்க முடியாது."

பேசனுக்குள் பார்த்தேன். முந்நூற்றுப் பதினேழு மூக்கன்கள். அத்தனையும் மல்லாந்து, காலை மடக்கி, மூக்கைப் புதைத்துக் கிடந்தன. இடையிடையே சிவப்பு, ஊதா, பச்சைப் புள்ளிகள்.

"நான்தான் கூட" என்றார் அம்மா, வரிசையிலிருந்து. "நாப்பத்தொண்ணு. மல்லிகா முப்பத்தெட்டு."

"மூணு ஓடிப்போச்சு. இல்லாட்டி சரிக்குச் சரி" என்றார் மல்லிகா அக்கா.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். விஷயத்தைச் சொன்னேன். இந்த முறை பாடமாக்கிய தமிழ் ஒன்றும் வாயில் வரவில்லை. "ஐயோ, எங்க இருக்குன்னு சொல்லத்தானே சொன்னேன். புடிச்சிட்டு வரவா சொன்னேன். நாளைக்கு இதக் காட்டாட்டி மரம் வச்சுருவாங்க."

"அப்ப ஏன் படத்தக் காட்டுன?" என்று அம்மா கேட்டார்.

சேருக்குப் போன் எடுத்தேன்.

"சேர், எல்லாத்தையும் புடிச்சிட்டாங்க."

"எல்லாம் என்றால்?"

"எல்லாம், சேர்."

"அவர்கள் இறந்தார்களா, நடிக்கிறார்களா?"

"தெரியல சேர்."

"காத்திருக்கவும்" என்று வைத்துவிட்டார்.

காத்திருந்தோம். இருபத்திரண்டு பேரும் கங்காணியும் பேசனைச் சுற்றிக் குந்தியபடி. செத்த வீட்டில்கூட எங்கள் ஆட்கள் அவ்வளவு அமைதியாக இருந்ததில்லை. நாலைந்து நிமிடம் போயிருக்கும். ஒரு கால் நிமிர்ந்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு பேசனே அசைவது போல இருந்தது. முந்நூற்றுப் பதினேழு மூக்கும் ஒன்றாக எழுந்து, விளிம்பைப் பார்த்து நடக்கத் தொடங்கின. மூடிவைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஒன்று கங்காணியின் சட்டைக் கை வழியாக உள்ளே போனது. அவர் எழுந்து குதித்தார். "ஆடாதீங்க அண்ணே, அது அருகிவர்ற இனம்" என்றார் மல்லிகா அக்கா.

எல்லாவற்றையும் திரும்பப் பொறுக்கி முடிக்கும்போது சேரின் மோட்டார் சைக்கிள் வந்தது. இறங்கினார். மடுவத்து வாசலில் நின்று சப்பாத்தைக் கழற்றினார். பிரஷை எடுத்தார். வண்டு இருக்கும் இடத்துக்குள் நுழைவதென்றால் விதி விதிதான். இரண்டு சப்பாத்தையும் துடைத்து முடித்துத்தான் உள்ளே வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். பேசனைப் பார்த்தார், கொப்பியைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார்.

"எந்த இடத்தில் பிடித்தீர்கள் என்று சொல்ல முடியுமா?" என்று கிசுகிசுத்தார்.

மல்லிகா அக்காவுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "நெரைப்படிதான் சேர். நெரை இல்லாம எப்புடி எடுக்குறது?"

கொழுந்து எடுக்கப் போனால் ஆளுக்கு ஒரு நிரை. தேயிலை வரிசையில் உன் நிரையை விட்டு நீ விலகக்கூடாது, உன் நிரையில் ஒரு செடியையும் விடக்கூடாது. பத்தனையிலும் அப்படியேதான் போயிருக்கிறார்கள். புல்லில் வரிசை இல்லாததால், குழி வெட்ட அடித்த வெள்ளை முளைக்கம்புகளையே நிரையாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு கம்பு வரிசைக்கு இடையில் ஓர் ஆள், கீழேயிருந்து மேல்வரை. ஒவ்வொரு புல் புதரையும் விரலால் விலக்கி, அடியில் பதுங்கியிருப்பதைக் கொழுந்து கிள்ளுவது போல இரண்டு விரலால் எடுத்திருக்கிறார்கள்.

சேர் என்னிடம் திரும்பினார். "நங்கி, வெயிலில் அவர் கீழ போவார் என்று நமக்குத் தெரியும். நாம் மேல தட்டினோம்."

"ஆமா, சேர்."

"ஒரு வருடம்."

"ஆமா, சேர்."

திரும்ப விடும் வேலை அன்று பின்னேரம் நடந்தது. கங்காணி கொப்பியைப் பார்த்துப் பெயர் கூப்பிட, ஒவ்வொருவரும் தாம் கொடுத்த எண்ணிக்கையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். புள்ளி வைத்தவை புள்ளியின் நிறப்படி கீழ், நடு, மேல் சரிவுக்கு. புள்ளி இல்லாதவற்றுக்குத்தான் சண்டை.

"அது என்னோடது. ஒரு காலு நொண்டி. பாறைக்குப் பக்கத்துல எடுத்தேன்."

"ஒன்னோடது பெரிசு. இது என்னோட நெரை மூக்கன்."

"மூஞ்சப் பாத்தாவே தெரியுதே, அது பாக்கியக்கா மூக்கன்."

மூன்று ஏக்கருக்குள் அவர் எங்கே இறங்கினாலும் சமாளிப்பார் என்று சேர் சொல்லிப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. அவர்கள் நிரை, அவர்கள் பொறுப்பு. வரிசையாக நின்று, சப்பாத்தில்லாத கால்களைச் சேரின் பிரஷுக்கு நீட்டினார்கள். சேர் தயங்கி, இருபத்திரண்டு சோடிப் பாதங்களையும் பார்த்து, கடைசியில் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். கால் கழுவி, நிரை பிடித்து ஏறி, ஒவ்வொரு புதருக்கும் ஒன்றாக வைத்துவிட்டு இறங்கினார்கள். அம்மா கடைசியாக இறங்கினார். நாற்பத்தொன்று அல்லவா.

மறுநாள் ஒன்பது மணிக்குக் குழு வந்தது. மூன்று அதிகாரிகள், அவர்களோடு தொரை. பக்கத்து மலையில் அன்று கொழுந்து எடுக்க ஆள் அதிகமாக இருந்தது. ஆனால் கொழுந்தைப் பார்த்தவர் யாரும் இல்லை. நான் குடையைத் தூக்கவில்லை. அம்மா செய்ததாகச் சொன்னது போலவே குனிந்து, ஒரு புதரை விலக்கி, அடியில் இருந்ததை இரண்டு விரலால் எடுத்து, வெள்ளைத் தட்டில் வைத்தேன். அது உடனே செத்தது.

குழுவில் மூத்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். "இது இறந்துவிட்டதே" என்றார் சிங்களத்தில்.

"நடிக்கிறார்" என்று சேர் கிசுகிசுத்தார்.

இன்னும் நாலு எடுத்து வைத்தேன். நாலும் செத்தன. தொரை சிரித்தார். "செத்த வண்டுக்கா இத்தன பேர் மலை ஏறினோம்?"

"பொறுங்கள்."

பொறுத்தோம். ஒரு நிமிடம், இரண்டு, ஐந்து. படித்த பெரிய மனிதர்கள் நாலு பேர் ஒரு தட்டைச் சுற்றி நின்று அசையாத ஐந்து வண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல்நாள் அத்தனை கையில் ஏறி இறங்கியதில் அதுகளுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே பயம் பிடித்திருக்க வேண்டும். ஏழு நிமிடம். மூத்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தொரை முளைக்கம்பு ஒன்றைக் காலால் தட்டிக்கொண்டிருந்தார்.

பக்கத்து மலையிலிருந்து மல்லிகா அக்காவின் குரல் வந்தது. "வாணி, எந்திரிச்சானா?"

"இன்னும் இல்லக்கா" என்றேன்.

"ஊதாத. அவனா எந்திரிப்பான்."

அப்போது தொரை மெல்ல, "மிஸ்" என்றார். குரல் மாறியிருந்தது. "என் காலுல ஏதோ ஊருது."

எல்லோரும் குனிந்தோம். தட்டில் இருந்தவை அல்ல. ஆறாவதாக ஒன்று, தானாகவே புல்லிலிருந்து இறங்கி வந்து, தொரையின் வெள்ளைக் காலுறையில் நிதானமாக ஏறிக்கொண்டிருந்தது. முதுகில் பச்சைப் புள்ளி. தொரை காலை உதறப் போனார்.

"அசைய வேண்டாம்" என்றார் சேர். அவர் சத்தமாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். "அவர் அருகிவரும் இனம்."

ஒரு காலைத் தூக்கியபடியே தொரை நின்றார். தொரையின் முழங்காலை அடைந்த மூக்கன், காலுறையின் விளிம்பில் நின்று, மூக்கை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆட்டி யோசித்தது. மூத்த அதிகாரி மண்டியிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மற்ற இருவரும் படம் எடுத்தார்கள். பக்கத்து மலையில் ஒரே சிரிப்பு. "தொர, விழுந்துறாதீங்க, அடியில ஆளிருக்கு" என்று யாரோ கத்தினார்கள். அது யார் என்று அம்மா இன்றுவரை சொல்லவில்லை.

மூக்கன் திரும்பி இறங்கிப் புல்லுக்குள் போனது. தட்டைப் பார்த்தால், ஐந்தும் எழுந்து நடந்துகொண்டிருந்தன.

சேர் படிவத்தை நீட்டினார், நான் நிரப்பினேன். "எத்தாவரத்தில் காணப்பட்டது" என்ற இடத்துக்கு வந்ததும் நிறுத்தினேன். "உண்மையை எழுதவும்" என்றார். எழுதினேன்: தோட்ட முகாமையாளரின் காலுறை, இடது, வெள்ளை.

மூன்று வாரம் எந்தச் செய்தியும் இல்லை. வெள்ளிக்கிழமை குழி வெட்டவில்லை, அவ்வளவுதான் தெரியும். முளைக்கம்புகள் அப்படியே நின்றன. ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகும்போது அம்மா அதைப் பார்த்துவிட்டு, "என்னடி, மரம் வருமா, வராதா?" என்பார். வேலைவிட்டு வரும்போதும் அதையே கேட்பார்.

கடிதம் ஒரு பின்னேரம் வந்தது. சேரே கொண்டுவந்தார். லயத்து வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, என்னிடம் தராமல், "நங்கி, அம்மாவைக் கூப்பிடவும்" என்றார். அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். மல்லிகா அக்கா கூப்பிடாமலே வந்தார். கொஞ்ச நேரத்தில் வாசல் நிறைந்துவிட்டது. நான் வாசித்தேன்.

சரிவு புல்லாகவே விடப்படும். மரம் நடுவது நிறுத்தம். முளைக்கம்புகளைப் பிடுங்கக்கூடாது, அவை கணக்கெடுப்பு வரிசைகளாகப் பயன்படும். ஒவ்வொரு வருடமும் அதே முறையில் வண்டு எண்ணப்பட வேண்டும். முறை: பயிற்சி பெற்ற இருபத்திரண்டு கணக்கெடுப்பாளர்கள் இணையான வரிசைகளில் நடந்து, கையால் சேகரித்து, எண்ணி, அதே வரிசையில் மீள விடுதல். கணக்கெடுப்பாளர்கள் அன்று வேறு வேலைக்கு அனுப்பப்படக் கூடாது. அவர்களுக்கு முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம், விழ வேண்டும்.

"யாரு அது, பயிற்சி பெத்த ஆளுங்க?" என்று கேட்டார் மல்லிகா அக்கா.

"நீங்கதான் அக்கா."

"எப்பப் பயிற்சி பெத்தோம்?"

"பதினாறு வயசுல கொழுந்தெடுக்கப் பேர் பதிஞ்சியே, அன்னிக்கு" என்றார் அம்மா. பிறகு என் பக்கம் திரும்பினார். "எங்க பேரெல்லாம் அதுல இருக்கா?"

இருந்தது. இரண்டாம் பக்கத்தில் ஒரு பட்டியல். சேர் அதை எண்ணிக்கைப்படி அடுக்கியிருந்தார். நாற்பத்தொன்று முதலில், முப்பத்தெட்டு அடுத்தது, இப்படியே கீழ்நோக்கி. ஒவ்வொரு பெயரையும் வாசித்தேன். பெயர் வந்தவர்கள் ஒவ்வொருவராக, பிரட்டுக்களத்தில் சொல்வது போல, "இருக்கேன்" என்றார்கள்.

"அப்ப எம்பேருதான் மொதல்ல" என்றார் அம்மா.

"ஆமா."

"ஒம்பேரு?"

நான் கடிதத்தை மடிக்கப் பார்த்தேன்.

"வாசிடி."

"கடைசியில இருக்கும்மா."

"என்னான்னு போட்டுருக்கு?"

"உதவியாளர்."

அம்மா சேரைப் பார்த்தார். சேர் சப்பாத்தைப் பார்த்தார். மல்லிகா அக்கா வாயைத் திறக்குமுன் அம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"அவ புதுசு" என்றார். "போகப் போகப் பழகிருவா."